பத்திரம் கைமாறும் நாளில்தான் குதிரைக்கு ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் திரியும் காட்டுக் குதிரைகள், காட்டுக் கழுதைகள் பற்றித் தமிழில் எப்போதாவது செய்தி வந்தால் கூடவே ஒரே படம்தான் வருகிறது. கீழே புழுதி கிளப்பி ஓடும் மந்தை, தலைக்கு மேல் ஹெலிகாப்டர். பார்க்கிற யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் அந்தக் குதிரை இறைச்சிக்கூடத்துக்குப் போவது அன்றைக்கல்ல. ஓராண்டோ ஈராண்டோ கழித்து, ஓர் உரிமைப் பத்திரம் கைமாறிய பிறகு போகிறது. அந்தப் பத்திரம் எப்படி வேலை செய்கிறது, குதிரையைப் பிடிக்காமலே எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க என்ன வழி என்ற இரண்டும் தெரிந்தால்தான் இந்த விஷயத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும். நெவாடா, கலிபோர்னியா, அரிசோனா, கொலராடோ மாநிலங்களில் வாக்குரிமையோடு வாழும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை மனத்தில் வைத்தே இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

1950-இல் ரீனோ நகருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி, முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் ஒழுகுவதைக் கண்டு பின்தொடர்ந்தார். உள்ளே இருந்தவை இறைச்சிக்காகக் கொண்டுபோன காட்டுக் குதிரைகள். அவர் தொடங்கிய போராட்டத்தால் 1959-இல், விமானமும் மோட்டார் வண்டியும் கொண்டு குதிரைகளை வேட்டையாடுவதும் நீர்நிலையில் நஞ்சு கலப்பதும் தடைசெய்யப்பட்டன. பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் குவித்த கடிதங்களின் பலத்தில் 1971-இல் முழுமையான பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். நியூ மெக்சிகோ மாநிலம் 19 கழுதைகளைப் பிடித்து ஏலம் விட்ட வழக்கில், இந்தச் சட்டம் செல்லும் என்று 1976-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நாடு தழுவிய ஒரு சட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவை அந்தப் பத்தொன்பது கழுதைகள்.

பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. 1976-இலேயே ஹெலிகாப்டருக்கு அனுமதி திரும்ப வந்தது. 1978 திருத்தத்தின்படி, அரசு பிடித்துக் கொடுக்கும் விலங்கைத் தத்தெடுத்தவர் ஓராண்டு ஒழுங்காக வளர்த்ததாகச் சான்று காட்டினால் விலங்கின் உரிமை அவர் பெயருக்கு மாறிவிடும். மாறிய நொடியில் அது சட்டத்தின் கண்ணில் காட்டுக் குதிரை இல்லை. வீட்டு மாடு போல யாருக்கும் விற்கலாம், எந்தச் சந்தைக்கும் ஓட்டலாம். 2004-இல் மொன்டானா செனட்டர் கான்ராட் பர்ன்ஸ் ஒரு பெரிய செலவு மசோதாவுக்குள் செருகிய வரிகள் இன்னும் மோசம். பத்து வயது தாண்டியவற்றையும், மூன்று முறை தத்துக்கு வைத்தும் யாரும் எடுக்காதவற்றையும் நிபந்தனையின்றி விற்கலாம் என்றன அவை. இங்கே ஓராண்டுக் காத்திருப்பும் கிடையாது, விற்ற அன்றே பத்திரம் கைமாறும்.

இதை இன்று தடுத்து நிறுத்துவது நிரந்தரச் சட்டம் எதுவுமல்ல. ஆரோக்கியமான விலங்குகளைக் கொல்லவோ, இறைச்சிக்குப் போகும்படி விற்கவோ அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டில் சேர்க்கப்படும் ஒரு வாசகம்தான் தடுப்பு. ஓராண்டு அதைச் சேர்க்காமல் விட்டால் அதோடு போயிற்று. 2017-இல் அரசு முன்வைத்த நிதிநிலை அறிக்கை அந்த வாசகத்தை நீக்கவே கேட்டது. நாடாளுமன்றம் மறுத்ததால் குதிரைகள் தப்பின.

வாசகம் இருக்கும்போதே என்ன நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். அமெரிக்க உள்துறையின் (அங்கே பொது நிலங்களைக் கவனிக்கும் துறை அது) தலைமை ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கொலராடோவைச் சேர்ந்த ஒரே ஆள் 2008 முதல் 2012 வரை 1,794 குதிரைகளைத் தலைக்கு 10 டாலர் வீதம் அரசிடம் வாங்கினார். மொத்தம் 17,940 டாலர். அடிமாட்டு விலை என்று நம் ஊரில் சொல்வோமே, சொல்லுக்குச் சொல் அதுதான். நல்ல இடத்தில் வைப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியவற்றில் பெரும்பாலானவை மெக்சிகோ இறைச்சிக்கூடங்களை நோக்கிப் போயின. லாரி லாரியாக ஒரே ஆளுக்கு விற்கிறோமே, இத்தனையையும் எங்கே வைத்திருக்கிறார் என்று கொடுத்தவர்கள் போய்ப் பார்க்கவில்லை. அமெரிக்க மண்ணில் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள், டெக்சாசில் இரண்டும் இல்லினாயில் ஒன்றும், 2007-இலேயே மூடப்பட்டுவிட்டன. ஆனால் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் உயிரோடு ஏற்றிச் செல்வதைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. நூற்றுக்கணக்கான மைல் லாரிப் பயணம் வேறு கூடுதல் வதை.

2019 மார்ச்சில் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம் இதே ஓட்டையைப் பெரிதாக்கியது. பழக்கப்படாத ஒரு விலங்கைத் தத்தெடுப்பவருக்கு 1,000 டாலர்: எடுத்த 60 நாளுக்குள் பாதி, ஓராண்டு முடிந்து பத்திரம் மாறியதும் மீதி. ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கு வரை. ஒரே குடும்பத்தில் கணவன், மனைவி, மகன், மருமகள் பெயரில் தலைக்கு நான்கு எடுத்தால் 16 குதிரை, 16,000 டாலர். புல்வெளியில் அவிழ்த்துவிட்டு, ஓராண்டு கழிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு, அதே வாரம் ஏலச்சந்தைக்கு ஏற்றினால் கிலோ கணக்கில் இன்னொரு வரவு. இப்படித்தான் பல மந்தைகள் போயின என்பதை 2021 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆவணங்களோடு வெளியிட்டது. பிறகு விதியை இறுக்கினார்கள்; முழுத்தொகையும் பத்திரம் மாறும்போதுதான் என்றார்கள். அதனால் என்ன பயன்? ஆபத்தே பத்திரம் மாறிய மறுநாளில் அல்லவா தொடங்குகிறது? 2025 மார்ச்சில் கொலராடோ கூட்டாட்சி நீதிமன்றம் இந்தத் திட்டம் சட்டப்படி செல்லாது என்று ரத்து செய்தது. வேறு பெயரில் அது திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது இனி மக்கள் வேலை.

சந்தையில் நிற்கும் குதிரை காட்டிலிருந்து வந்ததா என்று தெரிந்துகொள்ள அதன் கழுத்தின் இடப்புறம், பிடரிக்குக் கீழே பாருங்கள். திரவ நைட்ரஜனில் குளிர்வித்த முத்திரையை அங்கே அழுத்தியிருப்பார்கள். குளிர் பட்ட இடத்தில் முடியின் நிறம் செத்து வெள்ளையாக முளைக்கும். வெள்ளை, சாம்பல் நிறக் குதிரைகளில் முடியே முளைக்காத வழுக்கைக் கோடாகத் தெரியும். முதலில் அரசைக் குறிக்கும் குறி, அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கங்கள், பிறகு பதிவெண். எண்கள் வழக்கமான வடிவில் இராது, கோணங்களும் கட்டங்களுமாக இருக்கும். குளிர்கால முடி மறைத்திருந்தால் தண்ணீரால் நனைத்து, முடி வளரும் திசையில் தடவிவிட்டால் தெளியும். படம் எடுத்துக்கொண்டு, இந்த விலங்குகளுக்குப் பொறுப்பான கூட்டாட்சி அமைப்பான நில மேலாண்மைப் பணியகத்துக்கு எண்ணைச் சொன்னால் பத்திரம் மாறியதா இல்லையா என்று தெரியும். மாறாத விலங்கு சந்தையில் நின்றால் அது குற்றம், உடனே மீட்கலாம். மாறிய விலங்கென்றால் பணம் கொடுத்து ஏலத்தில் எடுப்பதைத் தவிர வழியில்லை.

இனி பிடிக்கும் முறை. குதிரைகள் வழக்கமாக வரும் பள்ளத்தாக்கின் முனையில் ஆறடி உயர இரும்புச் சட்டங்களால் பட்டி போடுவார்கள். அதன் வாயிலிருந்து இரு பக்கமும் சணல் துணியை நீளமாகக் கட்டி, புனல் போல விரித்துவிடுவார்கள். சணலுக்கு வலுவில்லை, முட்டினால் கிழியும். ஆனால் குதிரை அதைச் சுவரென்று நம்பும். ஹெலிகாப்டர் மைல் கணக்கில் விரட்டி வந்து புனல் வாயருகே நெருக்கும்போது, ஒளிந்திருக்கும் ஆள் பழகிய குதிரை ஒன்றை அவிழ்த்துவிடுவார். தன் தீவனம் உள்ளே இருப்பது தெரிந்து அது பட்டிக்குள் ஓடும், மந்தையும் நம்பிப் பின்னால் ஓடும். விரட்டிப் பிடிக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கூலி பெரும்பாலும் பிடித்த தலைக்கு இவ்வளவு என்றுதான். அவசரம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

என்னென்ன கெடும்? மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை ஹெலிகாப்டர் கூடாது, அது குட்டி ஈனும் காலம் என்று விதி இருக்கிறது. ஜூலையில் தொடங்கினால் ஒரு மாதக் குட்டியும் பாறைமேல் தாயோடு ஓடியாக வேண்டும். பிஞ்சுக் குளம்பின் அடிப்பகுதி தேய்ந்து கழன்று வரும் அளவுக்கு ஓடுவதுண்டு. அப்படி ஆன குட்டியைக் காப்பாற்றுவது கடினம். பின்தங்கிய குட்டியை மாலைக்குள் தேடாவிட்டால் பால் இல்லாமல் போகும். பட்டிக்குள் நுழைந்ததும் மிரண்டு சட்டத்தில் மோதிக் கழுத்து முறிவது இன்னொன்று. உடம்பு சூடேறித் தசைகள் சிதைந்து சிறுநீரகம் கெடும் நோய் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்; அன்றைய சாவுக் கணக்கில் அது வராது. கோடையில் பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதை ஓடவிட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, இரவு இறக்கும்போது தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் பழக்கமில்லாத தொட்டியை அது முகர்ந்தும் பார்க்காமல் நிற்பதுண்டு. பிறகு ஆண் வேறு, பெண் வேறு, பால் மறந்த குட்டி வேறு என்று பிரிப்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றாகத் திரிந்த குடும்பம் அத்தோடு சிதறும். ஆண்களுக்குக் காயடிப்பு, எல்லாவற்றுக்கும் கழுத்து முத்திரை, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி.

அந்தத் தடுப்பூசி தாமதமானால் என்ன ஆகும் என்பதை 2022-இல் கொலராடோவின் கேன்யன் சிட்டி பட்டி காட்டியது. குதிரைக் காய்ச்சல் வைரஸோடு ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து 140-க்கும் மேற்பட்ட குதிரைகள் சில வாரங்களில் செத்தன. திறந்த வெளியில் தனித்தனிக் குடும்பமாக வாழும் விலங்குக்கு இத்தகைய தொற்றுகளோடு பழக்கம் குறைவு. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்து, பொதுத் தொட்டியில் தண்ணீர் வைத்து, புழுதிக் காற்றை மூச்சிழுக்க வைத்தால் தொற்று பரவத்தான் செய்யும்.

எண்ணிக்கையையும் மறைக்காமல் சொல்கிறோம். பத்து மாநிலங்களில் பணியகத்தின் நிலங்களில் இருக்கத் தக்கது என்று அரசு வகுத்த அளவு சுமார் 25,500. 2020-இல் இருந்தவை சுமார் 95,000. 2024-இல் சுமார் 73,500. பிடித்து அடைத்து வைத்திருப்பவை 60,000-க்கும் மேல். பணியகம் இந்த வேலைக்குச் செலவிடும் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அடைத்து வைத்தவற்றின் வைக்கோலுக்கும் வாடகைக்கும் போகிறது. தத்துப் போகாத ஒரு குதிரையைச் சாகும்வரை வைத்திருக்க சுமார் 48,000 டாலர் என்பது அவர்களே சொன்ன கணக்கு.

அதே சமயம், வறண்ட நிலத்தில் ஒரே ஊற்றைச் சுற்றி அளவுக்கு மீறி மந்தை நின்றால் புல் வேரோடு போகும், ஊற்று சேறாகும். இதை மறுப்பவர்கள் குதிரைக்கு நல்லது செய்யவில்லை. குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு, மாட்டைவிட ஒட்ட மேயும். கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் அரசு வகுத்த அந்த அளவு, மாடு மேய்க்கத் தனியாருக்கு நிலத்தை ஒதுக்கியது போக மிஞ்சியதை வைத்து வந்தது. ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேயக் கட்டணம் பல ஆண்டுகள் வெறும் 1.35 டாலர். பல பகுதிகளில் குதிரை மந்தைக்கு வகுத்த எண்ணிக்கை 150-க்கும் கீழே. அதற்குக் கீழே போனால் நெருங்கிய ரத்தக் கலப்பால் மந்தை நாளடைவில் நலியும் என்று மரபியல் வல்லுநர்கள் பலமுறை சொல்லியாயிற்று.

பிடித்து அகற்றுவதே எண்ணிக்கை குறையாததற்கு ஒரு காரணம் என்று தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2013-இலேயே எழுதியது. பாதி மந்தையை அகற்றினால் மீதிக்குப் புல்லும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும், பெட்டைகள் தேறி ஆண்டுதோறும் ஈனும், குட்டிகள் பிழைக்கும். ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் என்ற பெருக்கம் அப்படியே தொடரும். நான்கைந்து ஆண்டில் மறுபடி ஹெலிகாப்டர். அந்தக் குழு கைகாட்டிய மாற்றுவழி கருத்தடைத் தடுப்பூசி.

அதிகம் பயன்படுவது பி.இசட்.பி. பன்றியின் சினைமுட்டையைச் சுற்றியுள்ள உறைப்புரதத்திலிருந்து எடுப்பது. இதை ஏற்றினால் பெட்டைக் குதிரையின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் அதன் சொந்த முட்டையின் உறைமேல் படிந்து, விந்து ஒட்டும் இடத்தை மறைத்துவிடுகிறது. நாளமில்லாச் சுரப்புகளை இது நேரடியாகத் தொடுவதில்லை. ஏற்கெனவே சினையாக இருந்தால் குட்டிக்குக் கேடில்லை. மேரிலாந்து கடற்கரையின் அசடீக் தீவில் தேசியப் பூங்காத் துறை 1994 முதல் இதைச் செய்கிறது. 175 வரை போன மந்தை, ஒரு குதிரையைக்கூட விரட்டிப் பிடிக்காமல் நூறுக்கும் கீழே வந்தது. குட்டி ஈனும் பாரம் குறைந்ததால் பெட்டைகள் நெடுநாள் வாழ்ந்தன. அதனால் எண்ணிக்கை இறங்க ஆண்டுகள் பிடித்தன, ஆனால் இறங்கியது.

செய்முறையில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது. ஒரு அளவு என்பது 100 மைக்ரோகிராம் புரதம், அரை மில்லி நீர்மத்தில். அது உறைநிலையில் இருக்க வேண்டும். களத்துக்குப் போகும் அன்றுதான் உருக்குவார்கள். அதோடு அரை மில்லி எண்ணெய்வகைத் துணைமருந்து. இரண்டு கண்ணாடி ஊசிக்குழல்களை ஓர் இணைப்பால் முகத்தோடு முகம் பூட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளி, அங்கிருந்து திரும்பத் தள்ளி, நூறு முறை. எண்ணிக்கொண்டே செய்ய வேண்டும், அறுபதில் கை வலித்து நிறுத்தினால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும், மருந்து பாதிப் பலன்கூடத் தராது. சரியாகக் கலந்தது வெண்ணெய் போலக் கெட்டியாக, வெள்ளையாக நிற்கும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அப்படியே கிடக்கும். காற்றுக் குமிழி இல்லாமல் ஒரு மில்லி டார்ட்டில், அதாவது துப்பாக்கியால் எய்யும் ஊசியில், ஏற்றுகிறார்கள். குளிர் நாளில் குழம்பு இறுகிவிடும், அதனால் டார்ட்டைச் சட்டைக்குள் உடல்சூட்டில் வைத்திருப்பார்கள்.

சுடும் இடம் பின்தொடை, இடுப்புத் தசை. அதைத் தவிர வேறு எங்கும் கூடாது. தூரம் அளக்கும் கருவியில் 40 மீட்டருக்குள் வந்தால்தான் விசையை அழுத்துவார்கள். காற்று பக்கவாட்டில் அடித்தாலோ, குட்டி பின்னால் நின்றாலோ அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். தைத்த ஊசி தானே விழுந்துவிடும், அதைத் தேடி எடுத்து மருந்து முழுதும் இறங்கியதா என்று பார்ப்பது கட்டாயம். எலும்பில் பட்டுத் தெறித்த டார்ட்டில் மருந்து அப்படியே இருக்கும். பார்க்காமல் போட்டாயிற்று என்று ஏட்டில் எழுதினால் அடுத்த வசந்தத்தில் குட்டி நிற்கும். முதல் ஊசி உடம்பைத் தயார் செய்வதோடு சரி. இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று, இனச்சேர்க்கைக் காலத்துக்கு முன்னால். மருந்துக்கு சுமார் 30 டாலர். மற்றதெல்லாம் ஆள் உழைப்பு.

அந்த உழைப்பின் முதுகெலும்பு படஏடு. ஒவ்வொரு பெட்டைக்கும் இடப்பக்கம், வலப்பக்கம், முகம் என்று படம். நெற்றியில் சுட்டி எப்படி, எந்தக் காலில் வெள்ளை எதுவரை, பிடரி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த ஆணோடு திரிகிறது என்ற குறிப்பு. இது இல்லாமல் துப்பாக்கி எடுத்தால் ஒரே குதிரைக்கு இரண்டு முறை போட்டு இன்னொன்றை விட்டுவிடுவார்கள். ரீனோவுக்குக் கிழக்கே விர்ஜினியா மலைத்தொடரில், டெஸ்லா ஆலையைச் சுற்றியுள்ள குன்றுகளில் திரியும் சுமார் 3,000 குதிரைகளுக்குத் தன்னார்வலர்கள் 2019 முதல் இதைத்தான் செய்கிறார்கள். இங்குள்ளவை மாநிலத்துக்குச் சொந்தமானவை, 1971 சட்டம் இவற்றுக்கு இல்லை. கொலராடோவின் ஸ்பிரிங் க்ரீக் பள்ளத்தாக்கிலும் வயோமிங்கின் மெக்கலா சிகரப் பகுதியிலும் பணியக நிலத்திலேயே இது நடக்கிறது. முடியும் என்பதற்கு இவை சாட்சி.

எல்லா இடத்துக்கும் முடியுமா என்றால், இல்லை. நெவாடாவின் பரந்த வெளிகளில் மனிதனை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கண்டாலே குதிரை பறக்கும், 40 மீட்டர் கனவுதான். அங்கே கோடையில் ஊற்றைச் சுற்றி இரும்புச் சட்டங்களால் பட்டி போட்டு, பல நாள் திறந்தே வைத்துப் பழக்கி, பிறகு ஒரு குடும்பத்தை மட்டும் உள்ளே வைத்து வாயிலை மூடுவதுதான் முறை. பெட்டைகளுக்குக் கையால் ஊசி போட்டு, அதே குடும்பத்தை அதே இடத்தில் திறந்துவிட வேண்டும். மெதுவான வேலை. கால் முறிவும் குட்டிப் பிரிவும் அதில் மிகக் குறைவு. கோனாகான் என்ற இன்னொரு மருந்து இரண்டு ஊசிக்குப் பிறகு பல ஆண்டுகள் பலன் தரும். ஆனால் அது சுரப்பிகளையே அடக்குவதால் மந்தையின் நடத்தை மாறும் என்ற கவலை நியாயமானது, எங்களுக்கும் உண்டு. பி.இசட்.பி.யிலும் குறை உண்டு: சினை பிடிக்காத பெட்டை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவதால் ஆண் குதிரைக்கு ஓய்வில்லை.

கழுதைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையின் வழிவந்து, ஸ்பானியரோடு வந்து, சுரங்கங்களில் பாரம் சுமந்து, லாரி வந்ததும் அவிழ்த்துவிடப்பட்டவை இவை. ஹெலிகாப்டருக்குக் குதிரை ஓடும். கழுதை நாலு பக்கமும் சிதறி நின்றுவிடும், அதனால் அதற்கு விரட்டல் இன்னும் பொருந்தாத முறை. பயத்தில் ஓரிரு நாள் தீவனம் தொடாவிட்டால் உடம்பின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து கல்லீரல் செயலிழந்து சாகும். குதிரையைவிடக் கழுதைக்கு இது அதிகம். பாலைவனத்தில் வறண்ட ஆற்று மணலை முன்னங்காலால் இரண்டு மீட்டர் ஆழம்வரை தோண்டித் தண்ணீர் எடுப்பதும், அந்தக் குழிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை உயிரினங்கள் வந்து போவதும் 2021-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில் பதிவானது. நம் ஊர் ஆற்றில் ஊற்றுப் பறித்தவர்களுக்கு அந்தக் குழியின் அருமை தெரியும். கோடியக்கரையில் வெளிமானோடு மேயும் மட்டக் குதிரைகளையும் நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளையும் கண்டவர்களுக்கு, மனிதன் விட்டுப்போன விலங்கு ஒரு நிலத்தில் வேர் விடுவது புதிய செய்தியுமல்ல.

தத்தெடுக்க நினைக்கும் நம்மவர்கள் சிலவற்றை முன்பே யோசிக்க வேண்டும். ஒரு விலங்குக்குக் குறைந்தது 400 சதுர அடிப் பட்டி. பழகாத வளர்ந்த குதிரைக்கு வேலி ஆறடி, ஒன்றரை வயதுக்குட்பட்டதற்கு ஐந்தடி, கழுதைக்கு நாலரை அடி. முள்கம்பி கூடாது. நிழலுக்குக் கூரை, எந்நேரமும் தண்ணீர். 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு எட்டு கிலோ உலர்புல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். காட்டில் கல் செய்த வேலை அது, வீட்டில் ஆள் வைத்துத்தான் ஆகும். ஆனால் தொட்டால் உதைக்கும் விலங்கின் குளம்பை எவரும் சீவ மாட்டார். அதனால் பழக்கத் தெரியாதவர்கள், ஏற்கெனவே பழக்கி விற்கும் இடங்களிலிருந்து எடுப்பதே நல்லது. கழுதையை ஒற்றையாக எடுக்காதீர்கள், துணையில்லாமல் அது தீவனம் விட்டுவிடும். குதிரைமசால் தீவனத்தைக் கொட்டிக் கொடுத்துக் கொழுக்கவும் வைக்காதீர்கள், குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்க முடியாமல் போகும். ஓராண்டு முடிந்து பத்திரம் உங்கள் பெயருக்கு வந்த பிறகு என்றாவது வைத்திருக்க முடியாமல் போனால், ஏலச்சந்தைக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். நேரில் போய் இடம் பார்த்து, ஒருவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

ரீனோ பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தனியாக: வாசலில் வந்து நிற்கும் குதிரைக்குக் கேரட்டும் ஆப்பிளும் நீட்டாதீர்கள். நெவாடாவில் அது சட்டப்படி குற்றம். காய்ந்த புல்லுக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று பழம் போனால் குடல் முறுக்கிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வண்டியைக் கண்டால் தின்பண்டம் என்று பழகிய மந்தை நெடுஞ்சாலைக்கு வரும், வந்தால் அடிபடும். அப்புறம் அந்த மந்தையையே அகற்றச் சொல்லி மனு போகும்.

பொதுவாக விரட்டலுக்கு முன் பணியகம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டை இ-பிளானிங் தளத்தில் வைத்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும், வழக்கமாக 30 நாள். பல இடங்களில் பத்தாண்டுத் திட்டத்துக்கு ஒரே முறைதான் கேட்பார்கள், அதை விட்டால் பத்தாண்டு போயிற்று. அமைப்புகள் அனுப்பச் சொல்லும் ஒரே வாசகக் கடிதம் ஆயிரம் போனாலும் ஒரே கருத்தாகத்தான் எண்ணுவார்கள். அதனால் சொந்தமாக நாலு வரி எழுதுங்கள். மந்தைப் பகுதியின் பெயரைக் குறிப்பிடுங்கள். அங்கே மாட்டுக்கு எத்தனை மாத மேய்ச்சல் ஒதுக்கீடு, குதிரைக்கு எத்தனை என்று அந்த ஆவணத்திலேயே உள்ள எண்ணை எடுத்துக் கேளுங்கள். ஹெலிகாப்டருக்குப் பதில் தண்ணீர்ப் பட்டி ஏன் ஆராயப்படவில்லை, எத்தனை பெட்டைகளுக்குப் பி.இசட்.பி. போடத் திட்டம், இரண்டாவது ஊசிக்கு ஆளும் பணமும் எங்கே என்று கேளுங்கள். இப்படிக் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லாமல் விட்டால் நீதிமன்றத்தில் அதை எழுப்பலாம்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது இரண்டே கேட்டால் போதும். ஆண்டுதோறும் சேர்க்கும் அந்தக் கொல்லாமை வாசகம் நிரந்தரச் சட்டமாக வேண்டும். இறைச்சிக்காகக் குதிரையையும் கழுதையையும் எல்லை தாண்டி ஏற்றுவது தடை செய்யப்பட வேண்டும். நிதி மசோதா குழுவுக்குப் போகும் கோடை மாதங்களில் தொலைபேசியில் சொன்னால், எடுக்கும் உதவியாளர் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு ஆதரவு, எதிர்ப்பு என்று ஏட்டில் ஒரு கோடு போடுவார். இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
ரீனோ, நெவாடா.